விமானத்தின் காதில் கெட்டிமேளம்: ரேடியோ குறுக்கீடு எப்படி வேலை செய்கிறது?

"ஃபோனை ஃப்ளைட் மோடில் போடுங்கள்" என்ற அறிவிப்பு வந்ததும் விமானத்துக்குள் இரண்டு கட்சி தெரியும். ஒரு மெசேஜ் போனால் விமானமே விழுந்துவிடும் என்று பதறுகிறவர்கள் ஒரு பக்கம். எத்தனையோ பேர் அணைக்காமலேயே பறந்தார்கள், என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விமானிகளையும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களையும் உண்மையில் திணறடிக்கும் குறுக்கீடுகளை வரிசைப்படுத்தினால் ஃபோனுக்குக் கடைசி பெஞ்சுதான். முன் வரிசையில் இருப்பவை வேறு: ஒரே நேரத்தில் பேசிவிடும் இரண்டு விமானிகள், ஊருக்குள் நிற்கும் எஃப்எம் கோபுரம், ஓடுதளத்தின் ஓரத்தில் நகரும் இன்னொரு விமானம், எல்லையோரத்தில் யாரோ இயக்கும் ஜிபிஎஸ் தடுப்புக் கருவி.

கோளாறு காதில்தான்

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம். பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் ஏதோ சொல்கிறார். வாய் அசைவது தெரிகிறது, சொல் கேட்கவில்லை. அவர் குரல் திடீரென்று குறைந்துவிடவில்லை. உங்கள் காதுக்கு வரும் மொத்த ஒலியில் அவர் பங்கு சிறுத்துவிட்டது, அவ்வளவுதான். கெட்டிமேளம் கொட்டுவதன் நோக்கமே அதுதானே, அந்த நொடியில் வேண்டாத சொல் எதுவும் காதில் விழக்கூடாது.

ரேடியோ குறுக்கீடும் இதேதான். வேண்டிய அலையை வேண்டாத அலை அமுக்கிவிடுவது. விமானத்தின் எந்திரத்துக்கோ இறக்கைக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. பாதிக்கப்படுவது அலையை வாங்கும் ரிசீவர் மட்டுமே. எனவே "அந்த அலை எவ்வளவு பலமானது?" என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. ரிசீவரின் வாசலில் வேண்டியது எவ்வளவு, வேண்டாதது எவ்வளவு என்ற விகிதம்தான் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நான்கில் ஒன்றாகும். அதனால் பக்கத்திலிருக்கும் சின்னக் கருவி, தொலைவிலிருக்கும் பெரிய நிலையத்தை எளிதில் அமுக்கும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது அதன் அதிர்வெண். நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அதிர்வெண் துண்டு, மனைப் பட்டா மாதிரி, ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரிசீவரின் வாசலில் நிற்கும் வடிகட்டி தன் துண்டை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்த முயலும். 'முயலும்' என்பதைக் கவனியுங்கள். எந்த வடிகட்டியும் செங்கல் சுவர் இல்லை, கொசுவலைதான்.

பேச்சு: ஒரு நேரத்தில் ஒரு வாய்

விமானிகளும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டில். தொலைபேசி போல இருவரும் ஒரே சமயத்தில் பேச முடியாது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு கட்டுப்பாட்டாளரின் கீழுள்ள எல்லா விமானங்களும் அதே அலைவரிசையில்தான்.

இதில் பலர் கேட்கும் கேள்வி: ஊரெல்லாம் எஃப்எம்முக்கும் டிஜிட்டலுக்கும் போன பிறகு, விமானம் மட்டும் ஏன் பழைய ஏஎம் முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். எஃப்எம் ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு அலை ஒன்றாக வந்தால் பலமானதை மட்டும் தெளிவாகத் தரும், மற்றதைச் சுவடே இல்லாமல் விழுங்கிவிடும். பாட்டுக் கேட்க அது வசதி. வானில் ஆபத்து, ஏனென்றால் அவசரம் என்று கத்திய இன்னொரு விமானி இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். ஏஎம்மில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் கீச்சென்ற விசில் கேட்கும். இரண்டு கருவிகளின் அதிர்வெண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் நொடிக்கு ஆயிரம் அதிர்வு என்றால் ஆயிரம் ஹெர்ட்ஸ் விசிலாகக் காதில் விழும். சொல் புரியாது. ஆனால் யாரோ இருவர் மோதிக்கொண்டார்கள் என்பது புரியும். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெனெரிஃப் சாட்சி. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரி தீவுகள். பனிமூட்டம் படர்ந்த ஒரே ஓடுதளத்தில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747கள். கேஎல்எம் விமானி புறப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார். கோபுரம் "ஓகே" என்று தொடங்கி, சற்று இடைவெளிக்குப் பின் காத்திருக்கச் சொல்கிறது. அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்கிறார். கேஎல்எம் விமானி அறையில் இந்த இரண்டு பேச்சும் சில விநாடி கீச்சொலியில் கலந்தன; "ஓகே" மட்டும் சுத்தமாகக் கேட்டது. 583 பேர் இறந்தார்கள். பனி, அவசரம், சொல் குழப்பம் என்று காரணங்கள் வேறும் உண்டு. அதன் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்துசெய்யும்போதோ தவிர வேறெங்கும் பயன்படுத்துவதில்லை என்ற பழக்கம் உலகம் முழுக்க இறுகியது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'தான்.

இன்னொரு தொல்லை, ஒட்டிக்கொண்ட பொத்தான். பேசி முடித்தும் பொத்தான் வெளியே வராவிட்டால் அந்த விமானம் தன்னையறியாமல் அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த விமானிக்குத் தெரியவும் தெரியாது. ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் கருவியில் எதுவும் கேட்காது, அமைதியான நேரம் என்று நினைத்துக்கொள்வார். அவருடைய காபிப் பேச்சை மற்ற எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களை மாற்று அலைவரிசைக்குத் தள்ளுவார். அவசரத்துக்கென்றே இருக்கும் 121.5 மெகாஹெர்ட்ஸும் உண்டு. பேச்சே முற்றிலும் அற்றுப்போனால் விமானி தன் அடையாளக் கருவியில் 7600 என்று போடுவார், ரேடார் திரையில் அது தெரியும். கோபுரம் விளக்கை அவர் பக்கம் திருப்பும்: வானில் இருப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் குறுக்கீடு வந்தால் காதே காட்டிக்கொடுக்கும். இனி வரும் கருவிகளில் அந்தக் கீச்சொலி கிடையாது.

பக்கத்து வீட்டு எஃப்எம்

நம் எஃப்எம் நிலையங்கள் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகின்றன. அதே 108இல் விமான வழிகாட்டித் துண்டு தொடங்குகிறது. பொதுச் சுவர். ஒரு பக்கம் ஊருக்கே கேட்கப் பாடும் 10 கிலோவாட் கோபுரம், மறுபக்கம் ஓடுதளத்தின் நேர்க்கோட்டைச் சொல்லும் 15 வாட் கருவி. எஃப்எம் கோபுரம் 5 கிலோமீட்டரிலும் ஓடுதளம் 30 கிலோமீட்டரிலும் இருக்கும் விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாக்களின் திசைக்கூர்மையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், பாட்டின் அலை 20,000 மடங்குக்கும் மேல் பலமாக வந்து சேரும்.

அது மட்டும் என்றால் வடிகட்டி சமாளித்துவிடும். சிக்கல் இரண்டு நிலையங்கள் சேரும்போது. பலமான இரண்டு அலைகள் ஒரு ரிசீவரின் முன்பகுதியைத் திணறடித்தால், அந்தச் சுற்றுக்குள்ளேயே மூன்றாவது அலை ஒன்று பிறக்கும். இதற்கு இடைக்கலப்பு என்று பெயர். ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் அதன் அதிர்வெண் கிடைக்கும். 107.1, 104.3 என்று இரண்டு நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். 214.2இல் 104.3 போனால் 109.9. அது ஓடுதள வழிகாட்டிக்கு ஒதுக்கப்படும் எண்களில் ஒன்று! இரண்டு நிலையங்களும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காகத்தான் பாடுகின்றன; குழந்தை பிறந்தது விமானத்தின் பெட்டிக்குள். 1998 ஜனவரி முதல் இந்தத் தாக்குதலைத் தாங்கும் ரிசீவர்கள்தான் வேண்டும் என்று சர்வதேச விதி வந்ததற்கு இதுவே காரணம். புதிய எஃப்எம் நிலையத்துக்கு அதிர்வெண் ஒதுக்கும்போது இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

ஓடுதளக் கோடு: அலை வளைந்தால் விமானமும் வளையும்

அந்த வழிகாட்டியின் பெயர் ஐஎல்எஸ். ஓடுதளத்தின் மறுகோடியில், விமானம் வந்து நிற்கும் முனைக்கு அப்பால், வேலி போல ஒரு வரிசை ஆன்டெனா நிற்கும். இறங்கி வருகிறவருக்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸ் தொனியும் வலப்பக்கம் 150 ஹெர்ட்ஸ் தொனியும் மேலோங்கும்படி அது அலையை வீசும். விமானத்தின் கருவி இரண்டையும் ஒப்பிடும். 150 தூக்கலாக இருந்தால் நீ வலப்பக்கம் விலகிவிட்டாய், இடது பக்கம் வா. இரண்டும் சமம் என்றால் நேர்க்கோட்டில் இருக்கிறாய். தராசு முள் மாதிரி.

தராசுத் தட்டில் யாராவது விரலை வைத்தால்? இங்கே விரல் என்பது இன்னொரு ரேடியோவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆன்டெனாவுக்கு எதிரே ஒரு லாரி, ஒரு விமானம், ஏதோ ஓர் உலோக உடம்பு போதும். அலை அதில் பட்டுத் தெறித்து நேர் அலையோடு கலக்கும், சமக்கோடு வளையும். அதனால்தான் ஓடுதள ஓரத்தில் ஐஎல்எஸ் காப்புப் பகுதி என்று கோடு போட்டிருப்பார்கள். மூடுபனியில், தானியங்கித் தரையிறக்கம் நடக்கும்போது அந்தப் பகுதியைக் காலியாக வைத்து, விமானங்களுக்கு இடையே இடைவெளியையும் கூட்டுவார்கள். வானிலை தெளிவாக இருந்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்படும்.

இந்தத் தளர்வு கடித்த இடம் மியூனிக். 2011 நவம்பர் 3, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777 ஒன்று தானியங்கி முறையில் இறங்கியது. மூடுபனி நடைமுறை அப்போது அமலில் இல்லை. சற்று முன்னே புறப்பட்ட ஒரு சிறிய ஜெட் அந்த ஆன்டெனா வரிசைக்கு மேலே பறந்து சென்றது. கோடு வளைந்தது, தானியங்கி அந்த வளைந்த கோட்டையே நம்பியது. விமானம் இடப்பக்கம் ஓடுதளத்தை விட்டு இறங்கி, திரும்பக் குறுக்கே கடந்து, வலப்பக்கப் புல்வெளியில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்து தவறான இடத்துக்கு அழைத்துப்போனது. ஊமையான கருவியைவிடத் தைரியமாகப் பொய் சொல்லும் கருவிதான் பயங்கரம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

உயரமானியும் 5ஜியும்

இறங்கும்போது விமானிகள் அறையில் "50, 40, 30, 20, 10" என்று ஒரு எந்திரக் குரல் அடி எண்ணும். அந்த எண்களைத் தருவது ரேடியோ உயரமானி. 4,200 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் அலையைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஓர் அடி உயரத்துக்குப் போய்வர ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்ததில் சுமார் இரண்டு பங்கு.

இந்தக் கருவிகள் பல வடிவமைக்கப்பட்டபோது, அதிர்வெண்ணில் அதற்குக் கீழே இருந்த அக்கம்பக்கம் அமைதியானது. செயற்கைக்கோள்களிலிருந்து தரைக்கு வரும் மெல்லிய அலைகள் மட்டுமே. கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய வீடு. பிறகு அமெரிக்காவில் 3,700 முதல் 3,980 வரை 5ஜிக்கு ஏலம் போனது. நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் காலியிடம் இருந்தும், பழைய உயரமானிகளின் தளர்வான வடிகட்டி அதை நம்பித் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. 2022 ஜனவரி 19, சேவை தொடங்கிய நாளில் ஏர் இந்தியா உட்படப் பல நிறுவனங்கள் அமெரிக்கப் பயணங்கள் சிலவற்றை ரத்துசெய்தன. தொலைபேசி நிறுவனங்கள் விமான நிலையங்களை ஒட்டிய கோபுரங்களை அடக்கி வைத்தன, விமான நிறுவனங்கள் 2023க்குள் வடிகட்டிகளை மாற்றின.

இந்தியாவில் 5ஜியின் இந்தப் பகுதி 3,300 முதல் 3,670 வரை, இடைவெளி தாராளம். இருந்தும் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுதளத்தின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள்ளும் மையக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் இந்த அதிர்வெண்ணில் கோபுரம் வைக்க வேண்டாம் என்று சொன்னது. விமான நிலையத்தில் 5ஜி இழுபறியாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டவர்களுக்குக் காரணம் இதுதான்.

உயரமானி பொய் சொன்னால் என்ன நடக்கும்? 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் அருகே நடந்ததைப் பார்க்கலாம். அங்கே குற்றவாளி குறுக்கீடு அல்ல, பழுதான உயரமானி. கிட்டத்தட்ட 2,000 அடியில் பறந்த துருக்கி விமானத்திடம் அது "மைனஸ் 8 அடி" என்றது. தரையைத் தொடப்போகிறோம் என்று நம்பிய தானியங்கி, எந்திர விசையைக் குறைத்துவிட்டது. வேகம் செத்து விமானம் வயலில் விழுந்தது, 9 பேர் இறந்தனர்.

ஜிபிஎஸ்: அமுக்குவதும் ஏமாற்றுவதும்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் அலை நம்மை வந்து சேரும்போது மிஞ்சுவது, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அளவுதான். அதை அமுக்கப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். 2012இல் அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில், ஜிபிஎஸ் சார்ந்த தரையிறக்க அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களைக் குழப்பியது ஒரு சரக்கு வண்டி. முதலாளி தன்னைப் பின்தொடரக்கூடாது என்று ஓட்டுநர் ஒரு சிறிய தடுப்புக் கருவியைச் செருகி வைத்திருந்தார். அவருக்கு விதித்த அபராதம் ஏறத்தாழ 32,000 டாலர்.

இது ஜாமிங், முன்னே சொன்ன கெட்டிமேளம். எதுவும் கேட்காது, ஆனால் கேட்கவில்லை என்பது தெரியும். ஜிபிஎஸ் போய்விட்டது என்று திரையில் எழுத்து வரும். இன்னொன்று ஸ்பூஃபிங்: வீட்டுப் பெரியவர் குரலில் ஒருவர் ஃபோனில் பேசிப் பணம் கேட்பது போல. செயற்கைக்கோளின் அலை வடிவத்திலேயே போலி அலையைக் கொஞ்சம் கூடுதல் பலத்தில் அனுப்பினால் ரிசீவர் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். விமானம் இருப்பது ஓரிடம், வரைபடத்தில் தெரிவது பல கிலோமீட்டர் தள்ளி.

ஜிபிஎஸ் இடம் மட்டும் சொல்லும் கருவி இல்லை, கடிகாரமும்கூட. போலி நேரம் உள்ளே போனால் விமானத்தின் கடிகாரம் தாவும், அதை நம்பும் மற்ற அமைப்புகளும் குழம்பும். மலைமோதல் எச்சரிக்கை அமைப்பு, தன் வரைபடத்தில் போலி இடத்தைத் தேடிப் பார்த்து, நடுவானில் சமதளத்துக்கு மேல் பறக்கையில் "மேலே ஏறு" என்று அலறும். போலி அலை இருந்த பகுதியைத் தாண்டிய பிறகும் சில ரிசீவர்கள் தெளிவதில்லை.

2023 இலையுதிர் காலத்திலிருந்து ஈராக், ஈரான் வழித்தடங்களில் இது பெருகியது. நம் பக்கத்தில், 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே எல்லைப் பகுதியில் 465 குறுக்கீட்டு நிகழ்வுகள், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரத்தில், பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எஸ்தோனியாவின் தார்த்து நகரத்துக்கு பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏர் 2024 மே மாதம் முழுவதும் பறக்கவே இல்லை. அந்த நிலையத்தில் இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை மட்டுமே நம்பியிருந்தது. வேறு முறையை ஏற்படுத்திய பிறகே சேவை தொடர்ந்தது.

பெரிய விமானங்கள் தப்பிப்பது ஒன்றுக்கு மேற்பட்ட காதுகள் இருப்பதால். உள்ளேயே இருக்கும் சுழற்சிமானிகள் எந்த அலையும் இல்லாமல் இடத்தைக் கணக்கிடும். மணிக்கு ஓரிரண்டு கடல் மைல் வழுவும், பரவாயில்லை. தரை நிலையங்களிலிருந்து தூரம் அளக்கும் கருவிகளும் உண்டு. அந்தப் பகுதிக்குள் நுழையும் முன்பே விமானிகள் ஜிபிஎஸ்ஸைக் கணக்கிலிருந்து விலக்குவதும், தனியாக ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வதும் இப்போது சகஜம். பழைய தரை நிலையங்களைச் செலவு என்று மூடிக்கொண்டே வந்த நாடுகள் மறுபடி யோசிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் ஃபோன்?

பழைய 2ஜி ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், அழைப்பு வருவதற்கு முன் "டிட்-டிடிட்" என்று கேட்கும். நொடிக்கு 217 துடிப்புகளாக அது அலையை வீசியதன் சத்தம். அதே சத்தம் விமானியின் ஹெட்செட்டில், இறங்க அனுமதி வரும் நொடியில் கேட்டால் எரிச்சல். ஓர் எண் தவறிப்போனால் ஆபத்து. டவர் தூரமாக இருந்தால் ஃபோன் தன் பலத்தை உச்சத்துக்கு ஏற்றும், 2ஜியில் அது 2 வாட், 4ஜியில் 0.2 வாட்தான். விமானம் விழுவதற்கு இது காணாது. அமெரிக்கா 1991இல் வானில் செல்போனைத் தடுத்ததற்கு முக்கியக் காரணம் விமானமே இல்லை: உயரத்திலிருக்கும் ஒரு ஃபோன் ஒரே சமயத்தில் ஏராளமான டவர்களுக்குத் தெரியும், தரை நெட்வொர்க் குழம்பும். ஃப்ளைட் மோடில் போட்டு முழுப் பயணத்திலும் வைத்துக்கொள்ள அமெரிக்கா 2013இலும் இந்தியா 2014இலும் அனுமதித்தன.

எங்கிருந்து வருகிறது என்று தேடுவது

விமானி குறுக்கீட்டைப் புகாராகச் சொல்லும்போது நேரம், இடம், உயரம், அலைவரிசை, என்ன சத்தம் என்ற ஐந்தும் வேண்டும். பாட்டா, இரைச்சலா, விசிலா என்பதே பாதி விடை. பாட்டு என்றால் எஃப்எம் நிலையம் அல்லது கேபிள் டிவி கசிவு. சீரான இரைச்சல் என்றால் மலிவான எல்இடி விளக்கின் மின்சப்ளை, பழுதான சிக்னல் பூஸ்டர் மாதிரி ஏதோ ஒன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டுப்பாட்டாளர் "இங்கே ஒன்றும் கேட்கவில்லையே" என்பார், அவர் சொல்வதும் உண்மை. இந்த அலைகள் நேர்க்கோட்டில் போகிறவை. கோபுரத்தின் காது சில பத்து கிலோமீட்டரோடு அடங்கிவிடும். 35,000 அடியில் இருப்பவருக்கு ரேடியோ அலையின் அடிவானம் 400 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே 3,000 அடியில் மறைந்து 10,000 அடியில் திரும்ப வரும் சத்தம் என்றால் மூலம் தொலைவில். இறங்க இறங்கக் கூடுகிறது என்றால், திசைகாட்டும் ஆன்டெனாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் தேட வேண்டும்.